ஓசூர் ரோட்டோரம் 40 படுக்கை, சர்ஜன் வர முக்கால் மணி: விபத்துக் கேஸை முதல் அரை மணியில் என்ன செய்து அனுப்புவது?

பொம்மசந்திரா_டியூட்டி கேட்டது:

எங்கள் ஆஸ்பத்திரி பொம்மசந்திராவுக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவில், நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டி இருக்கிறது. 40 படுக்கை. விபத்துக் கேஸ்களில் பெரும்பங்கு டூ வீலர். அடுத்து சாரத்திலிருந்து விழுந்த கட்டிட வேலையாட்கள், அதற்கடுத்து ஃபேக்டரி பிரஸ் மெஷினில் கை மாட்டியவர்கள். இரவில் இருப்பது ஒரு எம்.பி.பி.எஸ். டியூட்டி டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரு வார்டு பாய். சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் ஆன் கால், வந்து சேர முக்கால் மணி ஆகும். எக்ஸ்ரேயும் கையடக்க அல்ட்ராசவுண்டும் உண்டு. சி.டி. இல்லை, ரத்த வங்கி இல்லை.

தலைக்காயம் என்றால் நிம்ஹான்ஸ், எலும்பு என்றால் ஜெயநகர் சஞ்சய் காந்தி, எல்லாம் சேர்ந்தது என்றால் விக்டோரியா, கையில் காசிருந்தால் பிரைவேட். சில்க் போர்டு ஜங்ஷன் தாண்ட எவ்வளவு நேரமாகும் என்பது அந்த நேரத்து ராசி.

ஏ.டி.எல்.எஸ். (விபத்துச் சிகிச்சைப் பயிற்சி) வரிசை எல்லாருக்கும் மனப்பாடம்தான். ஆனால் அது ஐந்தாறு பேர் சுற்றி நிற்கும் டீமை மனதில் வைத்து எழுதியது. ஒரு டாக்டர், இரண்டு நர்ஸுக்கு அதை எப்படி மடக்குவது? எதைச் செய்யாமல் விடலாம்? நிர்வாகம் சி.டி. வாங்கலாமா, வென்டிலேட்டர் வாங்கலாமா என்று கேட்கிறது, எது முதலில்? கூடவே டிராமா ரெஜிஸ்டர் (விபத்துக் கேஸ்களின் பதிவேடு) ஒன்று ஆரம்பிக்கலாம் என்றேன். "அதனால் நமக்கு என்ன?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?


மயக்கமருந்து_மேசை பதில்:

டாக்டர், மூன்று பேர் டீமுக்கு மருந்து லிஸ்டைவிட முந்தித் தேவைப்படுவது யார் எங்கே நிற்பது என்ற முடிவு. நீங்கள் தலைமாட்டில். ஒரு நர்ஸ் வலப்பக்கம்: ஐ.வி., சாம்பிள், மருந்து. இன்னொரு நர்ஸ் இடப்பக்கம்: துணி வெட்டுவது, மானிட்டர், நேரம் எழுதுவது. வார்டு பாய் ரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மதியம் போதும். டாக்டர் கையில் ஃபோன் இருக்கவே கூடாது. ரிசப்ஷன் ஆள்தான் டயல் செய்து, லைன் கிடைத்ததும் ஸ்பீக்கரில் போட வேண்டும்.

பெரிய ரத்தப்போக்கு கண்ணுக்குத் தெரிந்தால் ஏர்வேக்கு முன்னால் அதுதான். அழுத்தம், பேக்கிங், கைகால் என்றால் டூர்னிகே (இறுக்கிக் கட்டும் பட்டை). அப்புறம் சக்ஷன், ஜா த்ரஸ்ட், ரிசர்வாயர் பை உள்ள மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன்.

மார்புக்கு வருவோம். பி.பி. விழுகிறது, ஒரு பக்கம் காற்று போகவில்லை என்றால் டென்ஷன் நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றி அடைபட்ட காற்று அழுத்துவது) என்று எடுத்துக்கொள்ளுங்கள், எக்ஸ்ரேக்கு அனுப்பாதீர்கள். நெஞ்சுக்கு முன்பக்கம் இரண்டாம் விலா இடைவெளியில் ஊசி போடும் பழைய பழக்கத்தைப் பெரியவர்களுக்கு ஏ.டி.எல்.எஸ். 10-ஆம் பதிப்பே (2018) மாற்றிவிட்டது. இப்போது நான்காம் அல்லது ஐந்தாம் விலா இடைவெளி, மிட் ஆக்ஸிலரி கோட்டுக்கு (அக்குளின் நடுவிலிருந்து கீழே வரும் கோடு) சற்று முன்னால். நம்மிடம் இருக்கும் 14 நம்பர் வென்ஃப்ளான் (ஊசிக்குழாய்) 4.5 செ.மீ. நீளம்தான். தசை கனமான ஆளுக்கு அது பிளூராவை (நுரையீரல் உறை) தொடாது, தொட்டாலும் மடங்கி அடைத்துக்கொள்ளும். பிளேடு, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், விரல் என்று திறப்பதே நம்பகமானது. அதே துளை வழியாக 28 அல்லது 32 டியூப். போட்ட உடனே 1500 மி.லி. ரத்தம் வந்தால் அது ஆபரேஷன் கேஸ். அந்த நிமிடமே ரெஃபரல் ஃபோன் போக வேண்டும்.

ஃப்ளூயிட். இதில்தான் நம் ஊர் கேஷுவாலிட்டிகளில் அதிகக் கெடுதல் நடக்கிறது. "இரண்டு லைன், இரண்டு பாட்டில் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் திரவம்) ஓப்பன்" என்பது அனிச்சைச் செயல் ஆகிவிட்டது. குளிர்ந்த ஆர்.எல். ரத்தத்தை நீர்க்கச் செய்து, உறையும் காரணிகளைக் குறைத்து, உடம்பையும் குளிரவைக்கிறது. அழுத்தம் ஏறினால் அப்போதுதான் உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு போகும். 250 மி.லி. கொடுங்கள், மணிக்கட்டு நாடியைப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொரு 250. தலைக்காயம் இல்லையென்றால் சிஸ்டாலிக் 80-90 போதும். மொத்தம் 1 லிட்டருக்கு மேல் தேவைப்படுகிறவருக்கு வேண்டியது ரத்தம்.

டிரானெக்ஸாமிக் ஆசிட் (ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து): 500 மி.கி. ஆம்ப்யூல் இரண்டு, 100 மி.லி. என்.எஸ்.-இல் (சாதா சலைன்) கலந்து 10 நிமிடத்தில். வேகமாகத் தள்ளினால் பி.பி. இறங்கும். அடுத்த 1 கிராம் 8 மணி நேரத்தில். அதை ஆம்புலன்ஸில் தொடங்கலாம், சேரும் இடத்திலும் தொடங்கலாம். 2010-இல் வந்த கிராஷ்-2 ஆய்வு 20,000-க்கு மேற்பட்டவர்களிடம் செய்யப்பட்டது. அதன் முக்கியப் பாடம் நேரம்: அடிபட்டு 3 மணிக்குள் கொடுத்தால் உயிர் காக்கும், அதற்கு மேல் கொடுத்தால் ரத்தப்போக்குச் சாவு கூடுகிறது. அடிபட்ட நேரம் தெரியாமல் இந்த மருந்தைத் தொடாதீர்கள். கூட வந்தவரிடம் கேட்கும் முதல் கேள்வியே "எத்தனை மணிக்கு?" என்பதாக இருக்கட்டும்.

மூச்சுக்குழாயில் டியூப் போடுவது. ஜி.சி.எஸ். (நினைவு நிலை ஸ்கோர்) 8 என்றதும் கை லாரிங்கோஸ்கோப்பைத் தேடும். தனியாக இருக்கிறீர்கள், ஆள் ஷாக்கில் (ரத்தம் குறைந்து பி.பி. விழுந்த நிலை) இருக்கிறார் என்றால் கொஞ்சம் பொறுங்கள். ரத்தம் குறைந்தவருக்கு முழு டோஸ் புரோபோஃபோல் கொடுத்தால் டியூப் சரியாக உட்கார்ந்திருக்கும், நாடி இருக்காது. கெட்டமின் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி., ரோகுரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி. என்று மயக்க மருந்தைக் குறைத்துத் தசைத் தளர்த்தியைக் கூட்டுங்கள். 1 மி.கி. அட்ரினலின் ஆம்ப்யூலை 100 மி.லி. என்.எஸ்.-இல் கலந்து லேபிள் ஒட்டிப் பக்கத்தில் வையுங்கள், 1 மி.லி.க்கு 10 மைக்ரோகிராம். மாஸ்க்கில் சாச்சுரேஷன் 94-க்கு மேல் நிற்கிறது, வாந்தி இல்லை, போக வேண்டிய தூரம் குறைவு என்றால் ஓரல் ஏர்வேயும் நல்ல சக்ஷனும் கூட அனுப்பப் போதும். தோற்றுப்போன இன்டுபேஷனைவிட அது மேல்.

அல்ட்ராசவுண்டில் வயிற்றில் திரவம், பி.பி. குறைவு: இங்கே சர்ஜனைக் கூப்பிட்டுக் காத்திருக்கலாமா? என் கருத்து, கூடாது. ரத்தம் இல்லாத தியேட்டரில் வயிற்றைத் திறந்தால் உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும் அழுத்தமும் போய்விடும், அப்புறம் ஊற்றுவதற்கு ஒன்றும் இருக்காது. அனுப்புங்கள்.

சி.டி.யா வென்டிலேட்டரா என்றால் இரண்டும் இல்லை. பலமான சக்ஷன் ஒன்று, கேப்னோகிராஃப் (வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை அளப்பது) உள்ள டிரான்ஸ்போர்ட் மானிட்டர், ஃப்ளூயிட் வார்மர், டூர்னிகே நான்கு, பெல்விக் பைண்டர் (இடுப்பெலும்பை இறுக்கும் பட்டை) இரண்டு. இவையெல்லாம் சேர்ந்தாலும் சி.டி. விலைக்குப் பக்கத்தில்கூட வராது.


கேஷுவாலிட்டி_சிஸ்டர் பதில்:

டாக்டர் சொன்ன வரிசை சரி சார். அது நடக்குமா நடக்காதா என்பது டிராலியில் என்ன எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நர்ஸ் பக்கத்து விஷயங்களைச் சொல்கிறேன்.

துணி வெட்டும் கத்தரி டிராலியோடு கயிற்றில் கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போய்விடும், திரும்பாது. ஜீன்ஸை வெளித்தையலோரம் வெட்டினால் சீக்கிரம் பிரியும். கத்திக்குத்து கேஸாக இருந்தால் ஓட்டை விழுந்த இடத்தின் மேல் வெட்டக் கூடாது. துணியைக் காகிதக் கவரில்தான் போட வேண்டும், பிளாஸ்டிக்கில் பூஞ்சை பிடித்துவிடும், போலீஸ் கேட்கும்போது உதவாது.

துணி எடுத்த உடனே போர்வை. இதை எல்லாரும் மறப்பார்கள். மழையில் நனைந்து வந்தவரை ஏ.சி. 20-இல் வெறும் உடம்போடு படுக்க வைத்தால் அரை மணியில் உடம்புச் சூடு 35-க்குக் கீழே போகலாம், அப்புறம் ரத்தம் சரியாக உறையாது. டிராமா பேஷண்ட் உள்ளே வந்ததும் ஏ.சி.யை நிறுத்துங்கள். நமக்கு வியர்த்தால் பரவாயில்லை. ஆர்.எல். பாட்டிலை வெந்நீர் பேசினில் போடுவது, மைக்ரோவேவில் வைப்பது எல்லாம் வேண்டாம். சூடு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. வார்மர் கேபினெட்டில் 39 டிகிரியில் நான்கு பாட்டில், அதில் தேதி எழுதி வைத்தால் போதும்.

வென்ஃப்ளான் 16 அல்லது 18. பச்சையும் சாம்பலும் மட்டுமே டிராமா டிரேயில் இருக்கட்டும். பிங்க், நீலம் அதில் இருந்தால் அவசரத்தில் கை அதற்குத்தான் போகும். உடைந்த கையில் போடாதீர்கள், பி.பி. கஃப் கட்டிய கையிலும் போடாதீர்கள். மைக்ரோபோர் வியர்வையிலும் ரத்தத்திலும் ஒட்டாது. ஒரு சுற்று ரோலர் பேண்டேஜ் போட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். ஸ்ட்ரெச்சர் மாற்றும் இடத்தில்தான் லைன் பிடுங்கிக்கொண்டு வரும்.

ஆக்சிஜன் கணக்கு. சிலிண்டரின் நீர்க்கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்கி, ஓட்டத்தால் வகுக்க வேண்டும். 10 லிட்டர் சிலிண்டரில் முள் 100 பாரில் நின்றால் 1000 லிட்டர். நிமிடத்துக்கு 15 என்றால் 66 நிமிடம். சில்க் போர்டு ஜாமில் மாட்டினால் அது போதாது. கணக்கு வந்ததைப் பாதியாக்கி அதற்குள் போய்ச் சேர முடியுமா என்று பாருங்கள், முடியாதென்றால் இரண்டாவது சிலிண்டர். முள்ளைப் பார்க்காமல் "ஃபுல்லா இருக்கு சிஸ்டர்" என்று டிரைவர் சொல்வதை நம்பி ஏற்ற வேண்டாம்.

செஸ்ட் டியூப் போட்டவரை அனுப்பும்போது பாட்டில் மார்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். சாயும், கொட்டும் என்று பயந்து குழாயை கிளாம்ப் பண்ணி அனுப்புகிறார்கள். காற்றுக் கசிவு இருந்தால் வழியிலேயே டென்ஷன் நியூமோதோராக்ஸ் ஆகிவிடும். பாட்டிலை ஸ்ட்ரெச்சர் கம்பியோடு பிளாஸ்டர் போட்டுக் கட்டுங்கள், கிளாம்ப் மட்டும் போடாதீர்கள்.


மாவுக்கட்டு பதில்:

சுருக்கமாக எலும்புப் பக்கம்.

இடுப்பெலும்பு: பைண்டரோ மடித்த பெட்ஷீட்டோ, கட்ட வேண்டியது தொடையெலும்பின் மேல்முனை, அதாவது கிரேட்டர் டிரோகாண்டர் மட்டத்தில். பலரும் பெல்ட் போடும் இடத்தில் கட்டுகிறார்கள். அங்கே கட்டினால் கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கும், ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். முட்டி இரண்டையும் உள்பக்கம் திருப்பிச் சேர்த்துக் கட்டுங்கள். இடுப்பை அழுத்தி ஆட்டிப் பார்க்கும் பரிசோதனையை விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தாலே கட்டு. படம் அப்புறம்.

மூடிய தொடையெலும்பு முறிவில் 1 முதல் 1.5 லிட்டர் ரத்தம் தசைக்குள்ளேயே போகும், வெளியே ஒரு சொட்டுத் தெரியாது. தாமஸ் ஸ்ப்ளிண்ட் போட்டு இழுத்து வைப்பது வலிக்கு மட்டுமல்ல, ரத்தப்போக்குக்கும் மருந்து. ஸ்ப்ளிண்டுக்கு முன்னும் பின்னும் பாத நாடியைப் பார்த்து எழுதுங்கள். அட்டைப்பெட்டியை வைத்து கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி அனுப்புவது ரொம்பச் சகஜம். விரலை லேசாக நீட்டினாலே உயிர் போகிற மாதிரி வலி என்றால் கம்பார்ட்மெண்ட் (தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுவது), உடனே தளர்த்துங்கள்.

டூர்னிகே: காயத்துக்கு 5-7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் அல்ல. கையுறையையோ துப்பட்டாவையோ கட்டினால் சிரை மட்டும் அடைபடும், தமனி அடைபடாது, ரத்தம் கூடும். நேரத்தைத் தோலிலேயே மார்க்கரில் எழுதுங்கள். சீட்டில் எழுதினால் சீட்டு தொலையும்.

திறந்த முறிவு: செஃபசோலின் 2 கிராம், வந்த ஒரு மணிக்குள். டெட்டனஸ் 0.5 மி.லி.; தடுப்பூசி சரியாகப் போடாதவர், காயம் அழுக்கு என்றால் இம்யூனோகுளோபுலின் 250 யூனிட் வேறு இடத்தில். காயத்தை ஃபோனில் ஒரு படம் எடுத்துவிட்டு, சலைன் நனைத்த காஸ் போட்டு மூடுங்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் திறந்து பார்க்க வேண்டாம், அதற்குத்தான் படம்.

துண்டான விரல்: நனைந்த காஸ், அதன் மேல் பிளாஸ்டிக் கவர், கவர் ஐஸ் தண்ணீரில். ஐஸின் மேல் நேரடியாக வைத்த விரல் உறைந்து செத்துப்போகும், ஒட்டவைக்க எதுவும் மிஞ்சாது. பீன்யாவிலிருந்தும் ஜிகணியிலிருந்தும் இப்படி ஐஸ் டப்பாவில் மிதந்துகொண்டு வருவது இன்னும் நிற்கவில்லை.


பொம்மசந்திரா_டியூட்டி:

நன்றி டாக்டர், சிஸ்டர், சார். இரண்டு விஷயம். தலைக்காயத்தை ரெஃபர் பண்ணினால் "சி.டி. எடுத்தீர்களா, எடுத்து அனுப்புங்கள்" என்கிறார்கள். வழியில் ஸ்கேன் சென்டர் இருக்கிறது, அங்கே நிறுத்தலாமா? அப்புறம், எங்களிடம் எல்லாத் தலைக்காயத்துக்கும் மேனிடால் 100 (மூளை வீக்கத்துக்கு), டெக்ஸா (ஸ்டீராய்டு), எப்டாயின் (வலிப்பு மருந்து) என்று ஒரு செட் ஓடுகிறது. அது சரியா?


நியூரோ_நைட்ஷிஃப்ட் பதில்:

டெக்ஸாவை இன்றே நிறுத்துங்கள். 2004-இல் வெளியான கிராஷ் ஆய்வில் 10,000 தலைக்காயக்காரர்கள்; ஸ்டீராய்டு கொடுத்த பக்கம் இரண்டு வாரத்துக்குள் சாவு அதிகம். இத்தனை வருஷம் கழித்தும் டிஸ்சார்ஜ் சீட்டுகளில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

மேனிடால் 20 சதவீதம் 100 மி.லி.யில் இருப்பது 20 கிராம். 60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு அரை கிராம் என்றாலே 150 மி.லி. வேண்டும். ஆக நீங்கள் கொடுக்கும் 100 மி.லி. வேண்டாதவருக்கு வீண், வேண்டியவருக்குப் பற்றாது. கண்பாவை ஒன்று விரிந்தது, ஜி.சி.எஸ். கண்முன்னே இறங்குகிறது: அப்போது கொடுங்கள், சிறுநீர்க் கத்தீட்டர் போட்டுவிட்டு. பி.பி. குறைவாக இருந்தால் மேனிடால் கூடாது. 3 சதவீத சலைன் 250 மி.லி. 15-20 நிமிடத்தில். குளிர்காலத்தில் மேனிடால் பாட்டிலில் படிகம் விழும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வலிப்பு வந்தவருக்கோ வரும் வாய்ப்பு அதிகமுள்ளவருக்கோ எப்டாயின் கிலோவுக்கு 20 மி.கி., என்.எஸ்.-இல் மட்டும், டெக்ஸ்ட்ரோஸில் போட்டால் வெண்ணிறமாகத் திரியும். நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் ஓடக் கூடாது. லெவெடிராசிடம் இருந்தால் இந்தத் தொல்லைகள் இல்லை.

மருந்தைவிட முக்கியம் இரண்டு எண்கள். சிஸ்டாலிக் ஒரு தடவை 90-க்குக் கீழே போனாலே கடுமையான தலைக்காயத்தில் சாவு இரட்டிக்கிறது என்று 1993-லேயே காட்டியிருக்கிறார்கள். ஆகவே மயக்கமருந்து டாக்டர் சொன்ன 80-90 இலக்கு தலைக்காயம் இருந்தால் செல்லாது, 110-ஐப் பிடியுங்கள். இன்னொன்று ஆம்பு பை. பதற்றத்தில் நிமிடத்துக்கு முப்பது தடவை பிசைகிறார்கள். கார்பன் டை ஆக்சைடு இறங்கி, மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கி, இருக்கிற ரத்தமும் போகாது. நிமிடத்துக்கு 10-12, கேப்னோகிராஃபில் 35-40.

சி.டி. விஷயத்தில் எனக்கும் மயக்கமருந்து டாக்டருக்கும் கொஞ்சம் வேறுபாடு வரும். அடி தலையில் மட்டும், பி.பி. நன்றாக நிற்கிறது, ஜி.சி.எஸ். 13-15, போகும் வழியிலேயே ஸ்கேன் என்றால் கால் மணிக்காக நிறுத்தலாம். சின்னக் கசிவா ஆபரேஷனா என்பது தெரிந்தால் சேரும் இடத்தில் படுக்கை பிடிப்பது எளிது. அதற்குக் கீழே என்றால், கண்பாவை மாறியிருந்தால், அல்லது வயிறும் மார்பும் சந்தேகம் என்றால் நிறுத்தவே கூடாது. ஸ்கேன் சென்டரின் இடுக்கு அறையில் மூச்சு நின்றால் பிடிக்க அங்கே யாரும் இல்லை.

"குடித்திருக்கிறார், காலையில் தெளிந்துவிடும்" என்று ஓரமாகப் படுக்க வைப்பதுதான் எக்ஸ்ட்ராடியூரலுக்கு (மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் கட்டுவது) வழக்கமான சாவு வழி. வாடை வந்தாலும் சுகர் பாருங்கள், அரை மணிக்கு ஒரு தடவை ஜி.சி.எஸ். எழுதுங்கள், மொத்த எண்ணாக இல்லாமல் கண், பேச்சு, அசைவு என்று தனித்தனியாக.


மயக்கமருந்து_மேசை:

நிபந்தனைகளோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கால் மணி கால் மணியாக இருக்காது. பில், வரிசை, ஃபிலிம் பிரிண்ட் என்று நீளும். முன்கூட்டியே பேசி வைத்த சென்டர் என்றால் மட்டும். ஃபிலிமுக்குக் காத்திருக்காமல் திரையை ஃபோனில் படமெடுத்து அனுப்பிவிட்டு நகருங்கள்.

ரெஃபரல் ஃபோனில் கதை சொல்லாதீர்கள். எப்படி அடிபட்டது, என்ன காயம், இப்போதைய எண்கள், என்ன கொடுத்தோம் எத்தனை மணிக்கு: நாற்பது நொடி. எடுத்தவர் பெயரும் நேரமும் கேஸ் ஷீட்டில். ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு படுக்கை தேடுவதும், எந்த ஆஸ்பத்திரி என்று டிரைவர் தீர்மானிப்பதும்தான் இந்த ஊரில் மணிக்கணக்கைத் தின்கிறது.


கணக்கப்பிள்ளை பதில்:

ரெஜிஸ்டர் பற்றி யாரும் தொடவில்லை, ஆகவே நான் கொஞ்சம் நீட்டுகிறேன்.

மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி 2022-இல் மட்டும் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் செத்தார்கள். அதில் டூ வீலரில் போனவர்கள் கிட்டத்தட்ட 45 சதவீதம். இந்த எண் போலீஸ் பதிவிலிருந்து வருகிறது. குழியில் வழுக்கித் தானே விழுந்தவர், சாரத்திலிருந்து விழுந்தவர், குளியலறையில் விழுந்த பாட்டி ஆகியோர் அதில் சரியாக வருவதில்லை. அவர்களை முதலில் பார்ப்பது நீங்கள்தான். பெங்களூரில் காயக் கண்காணிப்பு புதிதும் அல்ல. நிம்ஹான்ஸ், காயத் தடுப்புக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையம்.

ஒரு பக்கத் தாள் போதும். அடிபட்ட நேரம், வந்த நேரம், எதில் வந்தார். எப்படி அடிபட்டது, எந்த இடம். இடம் என்றால் "ஓசூர் ரோடு" அல்ல. எந்த ஃப்ளைஓவர், எந்தப் பக்க சர்வீஸ் ரோடு, எந்தப் பஸ் ஸ்டாப். ஹெல்மெட் உண்டா, பட்டை கட்டியிருந்ததா, அரை ஹெல்மெட்டா. பட்டை கட்டாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே பறந்துவிடும். "ஹெல்மெட்: ஆம்" என்று மட்டும் எழுதினால் உங்கள் தரவே ஹெல்மெட்டுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். கர்நாடகத்தில் 2016 முதல் பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம், ஆகவே ஓட்டியவர், பின்னால் இருந்தவர் என்று தனி. முதல் எண்கள், டிரானெக்ஸாமிக் போன நேரம், அனுப்பிய நேரம், 24 மணியில் நிலை, 30-ஆம் நாளில் நிலை.

மூச்சு எண்ணிக்கை எல்லா ஷீட்டிலும் 20 என்றே இருக்கும். யாரும் எண்ணுவதில்லை. அதனால் அது தேவைப்படாத காப் (GAP: ஜி.சி.எஸ்., வயது, பி.பி.) ஸ்கோரைப் பயன்படுத்துங்கள்: ஜி.சி.எஸ். அப்படியே (3-15), வயது 60-க்குக் கீழ் என்றால் 3, சிஸ்டாலிக் 120-க்கு மேல் 6, 60-120 என்றால் 4, அதற்கும் கீழ் 0. மொத்தம் 19-24 லேசு, 11-18 நடு, 3-10 ஆபத்து. மாதம் ஒரு தடவை, 19-க்கு மேல் இருந்தும் இறந்தவர்களின் ஷீட்டை மட்டும் எடுத்து அரை மணி உட்காருங்கள். தவிர்க்கக்கூடிய சாவு அங்கேதான் ஒளிந்திருக்கும். வயதானவர்களில் 110 என்பதே ஷாக்காக இருக்கலாம், பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு நாடியும் ஏறாது. இதை ஸ்கோர் சொல்லாது.

"நமக்கு என்ன?" என்பதற்கு மூன்று விடை. ஒன்று, பணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் 2025 மே மாதம் அறிவித்த ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில் சாலை விபத்துக்காரருக்கு 7 நாள் வரை 1.5 லட்சம் ரூபாய். நேரமும் இடமும் போலீஸ் பதிவோடு பொருந்தாவிட்டால் கோரிக்கை தொங்கும். ஓசூர் எல்லைக்குள் அடிபட்டு உங்களிடம் வருபவருக்குத் தமிழ்நாட்டின் 'நம்மைக் காக்கும் 48' விபத்துச் சிகிச்சைத் திட்டம் பொருந்தலாம், ஆனால் அத்திப்பள்ளி செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் அடிபட்டவருக்குப் பொருந்தாது. ஆக இடம் எழுதுவது பேஷண்ட் காசு.

இரண்டு, சட்டம். 1989-இல் பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: போலீஸ் சடங்குகளுக்காக எந்த டாக்டரும் அவசரச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது. எம்.எல்.சி. (போலீஸுக்கான மருத்துவப் பதிவு) எழுதுங்கள், சிகிச்சைக்குப் பின்னால் எழுதுங்கள். கொண்டுவந்து சேர்த்தவரைப் பெயர், முகவரி கேட்டு நிறுத்தாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. ரிசப்ஷனில் இருப்பவருக்கு இது தெரிவதில்லை. "நீங்கதான் கையெழுத்துப் போடணும்" என்று ஒரு ஆட்டோக்காரரை மிரட்டினால் அந்த ஸ்டாண்டில் இருக்கும் அத்தனை பேரும் அடுத்த கேஸைத் தூக்க மாட்டார்கள்.

மூன்று, சாலை. நெடுஞ்சாலையில் 500 மீட்டர் நீளத்தில் மூன்று வருஷத்தில் உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ உள்ள 5 விபத்து, அல்லது 10 சாவு இருந்தால் அது கறுப்புப் புள்ளி. சரிசெய்வது சாலைத்துறையின் கடமை. ஒரே சர்வீஸ் ரோடு திருப்பத்திலிருந்து உங்களிடம் வந்தவர்களைத் தேதியோடு, பெயர் இல்லாமல், டிராஃபிக் போலீஸுக்கும் நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் கொடுங்கள். தடுப்புச்சுவர் இடைவெளி ஒன்றை மூடுவது உங்கள் இரவுகளைக் குறைக்கும் அளவுக்கு எந்த மெஷினும் குறைக்காது. ஃபேக்டரி கேஸ்களுக்கு மெஷின் வகையையும், கை போகாமல் தடுக்கும் பாதுகாப்பு மூடி இருந்ததா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


பொம்மசந்திரா_டியூட்டி:

30-ஆம் நாள் நிலை எப்படிக் கிடைக்கும் சார்? நாங்கள் அனுப்பிவிடுகிறோம், அதோடு சரி. சோஷியல் வொர்க்கரும் கிடையாது.


கணக்கப்பிள்ளை:

ஃபோன்தான். பேஷண்டின் நம்பரை மட்டும் வாங்கினால் கிடைக்காது, விபத்தில் அந்த ஃபோனே உடைந்திருக்கும். ஊரில் இருக்கும் ஒருவர் நம்பர், இங்கே வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி நம்பர், இரண்டையும் அட்மிஷன் சீட்டிலேயே, 30 நாள் கழித்துக் கூப்பிடுவோம் என்று சொல்லியே வாங்குங்கள். பகலில் எடுக்க மாட்டார்கள், இரவு ஏழிலிருந்து ஒன்பதுக்குள் கூப்பிடுங்கள். பில்லிங்கில் தமிழ், கன்னடம், இந்தி மூன்றும் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். கேட்க வேண்டியது மூன்றே: இருக்கிறாரா, மறுபடி ஆபரேஷன் ஆனதா, வேலைக்குத் திரும்பினாரா. மூன்றாவதை விடாதீர்கள், சாரத்தில் ஏறும் ஆளுக்குக் கணுக்கால் மடங்காமல் போவது எந்தச் சாவுக் கணக்கிலும் வராது. எடுக்கவில்லை என்றால் காலியாக விடாமல் "தொடர்பு இல்லை" என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் வருஷ முடிவில் யாராவது அதை "நலம்" என்று எண்ணிவிடுவார்கள்.


கேஷுவாலிட்டி_சிஸ்டர்:

மூச்சு எண்ணிக்கைக்கு ஒரு வழி இருக்கிறது சார். நாடி பிடிக்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மார்பைப் பார்த்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கச் சொல்லுங்கள். எண்ணுகிறோம் என்று பேஷண்டுக்குத் தெரிந்தால் மூச்சு மாறிவிடும். ஷீட்டில் 18, 20, 22 என்று எல்லாமே ஒரே மாதிரியாக வந்தால் எண்ணவில்லை என்று அர்த்தம். 28, 34 எல்லாம் வர ஆரம்பித்தால் எண்ணுகிறார்கள்.